கசாண்ட்ரா கிளஸ்டரில் நோடு சேர்ப்பதும் எடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கும் கமிஷன் கடைகளுக்கு எடைச்சீட்டும் பாக்கிக் கணக்கும் பார்க்கும் மென்பொருள் ஒன்றை மதுரையிலிருந்து நடத்துகிறோம். பின்னால் ஓடுவது அப்பாச்சி கசாண்ட்ரா என்ற தரவுத்தளம். அது தரவைப் பல மெஷின்களில் பிரித்து வைக்கும். ஒவ்வொரு மெஷினும் ஒரு நோடு, எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர். மூன்று நோடுகளில் ஆரம்பித்தோம். பிறகு சேர்த்தோம், எடுத்தோம், செத்துப்போன ஒன்றை மாற்றினோம். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளும், ஊரில் இதே வேலை பார்க்கும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சொல்வது 3.11, 4 ஆகிய வரிசைப் பதிப்புகளுக்குப் பொருந்தும்.

நோடு சேர்ப்பது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

மாசி வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கீழமாசியில் கிளம்பினால் தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி என்று சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். கசாண்ட்ராவும் தன் தரவை இப்படி ஒரு வளையத்தில்தான் வைக்கிறது. ஒவ்வொரு வரிசையின் பார்ட்டிஷன் கீயும் (அதன் இடத்தை முடிவுசெய்யும் புலம்) மர்மர்3 என்ற ஹாஷ் முறையில் ஓர் எண்ணாக மாறும். அந்த எண் வளையத்தில் எங்கே விழுகிறது என்பதுதான் அந்த வரிசையின் முகவரி. நோடுகள் வீதியில் இருக்கும் கடைகள் மாதிரி. முந்தின கடையிலிருந்து தன் கடை வாசல் வரைக்கும் உள்ள நீளத்துக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு. ரெப்ளிகா எண்ணிக்கை 3 என்றால், பொறுப்பான கடையோடு சேர்த்து, சுற்றில் அடுத்து வரும் இரண்டு கடைகளும் அதே சரக்கின் பிரதியை வைத்திருக்கும்.

நடுவில் புதுக்கடை ஒன்று முளைத்தால் வீதியின் ஒரு பகுதி அதன் பொறுப்புக்கு மாறுகிறது. பெயர்ப்பலகை மாறினால் போதாது, சரக்கும் மாற வேண்டும். பழைய நோடுகள் தங்களிடமுள்ள அந்தப் பகுதித் தரவைப் புது நோடுக்கு அனுப்புகின்றன. இதைத்தான் ஸ்ட்ரீமிங் என்கிறோம். அனுப்பி முடியும் வரை படிப்பதற்கான கேள்விகள் பழைய நோடுகளுக்கே போகும். புதிதாக எழுதப்படுபவை மட்டும் இரண்டு பக்கமும் போய்ச் சேரும். முடிந்ததும் புது நோடு முழுப் பொறுப்பை ஏற்கும்.

உண்மையில் ஒரு நோடுக்கு ஒரே ஒரு வாசல் இருப்பதில்லை. வளையம் முழுக்கத் துண்டு துண்டாகப் பல இடங்கள் இருக்கும். இந்தத் துண்டுகளின் எண்ணிக்கை முன்பு இயல்பாக 256 ஆக இருந்தது. 4.0-இலிருந்து 16 ஆனது. பழைய நோடுகளில் என்ன எண்ணிக்கை இருக்கிறதோ அதையே புதியதிலும் வையுங்கள். கலந்து வைத்தால் ஒரு நோடு மட்டும் சுமையில் நசுங்கும்.

எப்போது சேர்க்கலாம்?

அவசரம் வருவதற்கு முன்னால். நோடு சேர்க்கும் வேலையே பழைய நோடுகளுக்கு ஒரு சுமை. ஏற்கனவே மூச்சு வாங்குகிற கிளஸ்டரிடம் போய் பல நூறு ஜிபி தரவை அனுப்பு என்று சொன்னால் அது இன்னும் தள்ளாடும். பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளும் ஆயுத பூஜையும் பொங்கலும் சித்திரைத் திருவிழாவும் எப்போது வரும் என்பது காலண்டரிலேயே இருக்கிறது. அந்த நாட்களுக்கு இரண்டு வாரம் முன்பே நாங்கள் வேலையை முடித்துவிடுவோம். நேரம் என்றால், விடியற்காலையில் சந்தை கொதிக்கும். மதியத்துக்கு மேல் அடங்கும். ஆகவே மதியம்.

டிஸ்க் பாதி நிறைந்துவிட்டாலே யோசிக்க ஆரம்பியுங்கள். சைஸ் டியர்டு வகை கம்பாக்‌ஷன் (தரவுக் கோப்புகளை ஒன்றாக்கும் வேலை) பயன்படுத்துகிறவர்கள் பாதி டிஸ்கைக் காலியாக வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. பெரிய கோப்புகளை ஒன்றாக்கும்போது பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கும், அதற்கு இடம் வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கசாண்ட்ரா பதிப்பு எல்லா நோடுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிப்பு உயர்த்தும் வேலை பாதியில் நிற்கும்போது நோடு சேர்க்காதீர்கள், ஸ்ட்ரீமிங் தோற்றுப்போகும். கிளஸ்டர் பெயர், ஸ்னிட்ச் அமைப்பு (எந்த நோடு எங்கே இருக்கிறது என்று சொல்வது), ரேக் பெயர் (மெஷின்களை அடுக்கும் அலமாரி) மூன்றும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். நோடுகள் தங்களுக்குள் பேசும் 7000 போர்ட்டும், பயன்பாடுகள் வரும் 9042 போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். புது நோடின் டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும்.

கடிகாரத்தை மறந்துவிடுவார்கள். ஒரே வரிசையை இரண்டு பேர் மாற்றினால் எது பிந்தியது என்பதை நேர முத்திரையை வைத்துத்தான் கசாண்ட்ரா தீர்மானிக்கிறது. புது மெஷினின் கடிகாரம் நாலு நிமிடம் முந்தி ஓடினால், அது முத்திரை குத்திய பழைய விலை, பிறகு வந்த சரியான விலையை அமுக்கிவிடும். என்டிபி (கடிகாரத்தைச் சரியாக வைக்கும் சேவை) ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கசாண்ட்ராவைக் கிளப்ப வேண்டும்.

ஸ்டேட்டஸில் யூஜே என்று மணிக்கணக்காக நிற்கிறதே, தொங்கிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கசாண்ட்ராவின் நிர்வாகக் கருவியான நோட்டூல் காட்டும் ஸ்டேட்டஸில் யூஜே என்றால் உயிரோடு இருக்கிறது, சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் பயம் வராது.

மூன்று நோடுகள், ரெப்ளிகா 3, எல்லாம் ஒரே ரேக், ஒவ்வொன்றிலும் 600 ஜிபி என்று வைப்போம். ஒவ்வொரு நோடிலும் முழுத் தரவும் இருக்கிறது. நான்காவது வந்ததும் மூன்று பிரதிகள் நான்கு பேருக்குப் பிரியும், அதாவது ஆளுக்கு 75 சதவீதம். ஆக, புது நோடுக்கு 450 ஜிபி வந்து சேர வேண்டும். பழைய மூன்றும் ஆளுக்கு 150 ஜிபி அனுப்ப வேண்டும். 3.11, 4.0 பதிப்புகளில் ஒரு நோடு அனுப்பும் வேகத்துக்கு இயல்பான உச்சவரம்பு நொடிக்கு 200 மெகாபிட், அதாவது 25 மெகாபைட். 150 ஜிபியை அந்த வேகத்தில் அனுப்ப 6,000 நொடி, ஒரு மணி நாற்பது நிமிடம். இது எல்லாம் தடையின்றி ஓடினால். வாங்கும் பக்கம் கோப்புகளை எழுதி, இண்டெக்ஸ் கட்டி, கம்பாக்‌ஷன் செய்ய வேண்டியிருப்பதால் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆனாலும் வியப்பில்லை.

நகர்கிறதா என்று பார்க்க 'நோட்டூல் நெட்ஸ்டாட்ஸ்' போடுங்கள். எத்தனை கோப்பில் எத்தனை வந்திருக்கிறது என்று காட்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். எண் ஏறியிருந்தால் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். சந்தை அடங்கிய நேரத்தில் 'செட்ஸ்ட்ரீம்த்ரூபுட்' கட்டளையால் வேகத்தைக் கூட்டவும், விடியும் முன் குறைக்கவும் முடியும். இதற்கு மறு தொடக்கம் தேவையில்லை.

எனக்கு யூஜே வரவே இல்லை, கிளப்பிய உடனே யூஎன் ஆகிவிட்டது. நல்லதுதானே?

இல்லை, உடனே கவனியுங்கள். யூஎன் என்றால் உயிரோடு இருக்கிறது, சேர்ந்து முடிந்துவிட்டது என்று பொருள். தரவு எதையும் வாங்காமலேயே அது பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: புது நோடின் அமைப்புக் கோப்பில் சீட் பட்டியலில் அதன் சொந்த முகவரியையே எழுதியிருப்பீர்கள். சீட் நோடு என்பது மற்றவர்களுக்கு வழிகாட்டி என்பதால், அது யாரிடமும் தரவு கேட்காமல் நேராக வளையத்தில் உட்கார்ந்துவிடும். அதன் பங்குக்கு வரும் கேள்விகளுக்கு 'இல்லை' என்றே பதில் சொல்லும். கன்சிஸ்டன்சி லெவல் ஒன் (ஒரே ஒரு நோடு பதில் சொன்னால் போதும்) என்று வைத்துப் படிக்கும் இடங்களில் எடைச்சீட்டுகள் காணாமல் போனதுபோலத் தெரியும்.

தரவு பழைய நோடுகளில் பத்திரமாகத்தான் இருக்கிறது, பதற வேண்டாம். கிளீனப் (நோடின் பொறுப்பில் இல்லாத தரவை நீக்கும் கட்டளை) மட்டும் ஓட்டிவிடாதீர்கள். அந்த நோடை டீகமிஷன் என்ற கட்டளையால் வெளியே எடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் அதில் எழுதப்பட்டவை மற்றவர்களுக்குப் போய்விடும். பிறகு டேட்டா ஃபோல்டரைத் துடைத்து, சீட் பட்டியலில் பழைய நோடுகளை மட்டும் எழுதி மறுபடி சேருங்கள். அது சேர்ந்து முடிந்த பிறகு வேண்டுமானால் அதைச் சீட் ஆக்கிக்கொள்ளலாம்.

இரண்டு நோடுகளை ஒரே நேரத்தில் சேர்க்கலாமா?

கூடாது. ஒன்று சேர்ந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று வந்தால் கசாண்ட்ராவே இயல்பாக மறுத்துவிடும். அந்தத் தடையை அணைக்க ஒரு வழி இருக்கிறது, தொடாதீர்கள். முதலாவது யூஎன் ஆகட்டும். அப்புறம் குறைந்தது இரண்டு நிமிடம் விட்டு அடுத்ததைக் கிளப்புங்கள். வளையம் மாறிய செய்தி காஸிப் (நோடுகள் தங்களுக்குள் செய்தி பரப்பும் முறை) வழியாக எல்லா நோடுகளுக்கும் போய்ச் சேர அந்த அவகாசம் தேவை.

சேர்த்து முடித்துவிட்டேன். பழைய நோடுகளில் டிஸ்க் குறையவே இல்லையே?

குறையாது. அனுப்பிய தரவைப் பழைய நோடு தானாக அழிப்பதில்லை. மேலே சொன்ன கணக்கில் 450 ஜிபி போதும் என்றாலும், 600 ஜிபி அப்படியே உட்கார்ந்திருக்கும். 'நோட்டூல் கிளீனப்' ஓட்டினால்தான் தன் பொறுப்பில் இல்லாததை நீக்கும். பழைய நோடுகள் ஒவ்வொன்றிலும், ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று ஓட்டுங்கள். கோப்புகளை மறுபடி எழுதுவதால் டிஸ்குக்கு நல்ல வேலை கொடுக்கும். பல நோடுகள் சேர்ப்பதாக இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிட்டுக் கடைசியில் ஓட்டினால் போதும்.

இடம் தாராளமாக இருக்கிறதே, கிளீனப் எதற்கு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இந்த இடத்தில் நான் கறாராக இருப்பேன். ஆறு மாதம் கழித்து புது நோடை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தப் பகுதியின் பொறுப்பு பழைய நோடுக்கே திரும்பும். அங்கே ஆறு மாதத்துக்கு முந்தின பிரதி காத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் அழித்த வரிசைகள் அதில் உயிரோடு இருக்கும், அவை எழுந்து வரும்.

நோடை எடுக்க மூன்று கட்டளைகள் இருக்கின்றனவே, எது எப்போது?

நோடு உயிரோடு இருந்தால் டீகமிஷன். அந்த நோடிலேயே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். கடையைக் காலி செய்பவர் சாவியைக் கொடுக்கும் முன் சரக்கை எல்லாம் ஒப்படைத்துவிட்டுப் போவது மாதிரி, அது தன்னிடமுள்ளதை அடுத்துப் பொறுப்பேற்பவர்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் விலகும். ஸ்டேட்டஸில் யூஎல் என்று தெரியும். ஓட்டும் முன் மற்றவர்களின் டிஸ்கைப் பாருங்கள்: நான்கிலிருந்து மூன்றானால் 450 ஜிபி மறுபடி 600 ஆகும்.

நோடு செத்துவிட்டது, மாற்று மெஷினும் போடப்போவதில்லை என்றால் ரிமூவ்நோட். உயிரோடிருக்கும் எந்த நோடிலிருந்தும், செத்த நோடின் ஹோஸ்ட் ஐடியைக் கொடுத்து ஓட்டலாம். மற்ற ரெப்ளிகாக்கள் தங்களுக்குள் பிரதி எடுத்துக்கொள்ளும். செத்தவரிடம் மட்டும் இருந்தது திரும்பாது. முடிந்ததும் ஒரு ரிப்பேர் (பிரதிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டிவிடுங்கள்.

அசாசினேட் என்பது பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது மட்டும்தான். யாருக்கும் எதையும் பிரதி எடுக்காது. ரிமூவ்நோட் தோற்று, பேய் மாதிரி ஒரு முகவரி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் கடைசியாகத் தொட வேண்டியது.

மூன்று நோடு, ரெப்ளிகா மூன்று. ஒன்றை எடுக்க முடியுமா?

மூன்று பிரதிகளை இரண்டு பேரால் வைத்திருக்க முடியாது என்பதால் 4.0 டீகமிஷனை மறுக்கும். கட்டாயப்படுத்தும் வழி உண்டு. அதைவிட, முதலில் கீஸ்பேஸின் (டேபிள்களின் தொகுப்பு) ரெப்ளிகாவை 2 ஆக்கிவிட்டு எடுப்பது ஒழுங்கு. ஆனால் ரெப்ளிகா 2-இல் கோரம் (பிரதிகளில் பெரும்பான்மை) என்பதும் 2 தான். ஒரு மெஷின் படுத்தாலும் கோரத்தில் படிப்பதும் எழுதுவதும் நின்றுவிடும். மூன்றுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை.

ஒரு நோடு செத்துவிட்டது, புது மெஷின் தயார். எடுத்துவிட்டுச் சேர்க்கவா?

வேண்டாம், இடம் மாற்றிப் போடுங்கள். எடுத்தால் ஒரு தடவை தரவு நகரும், சேர்த்தால் இன்னொரு தடவை நகரும். அதற்குப் பதில் புது நோடைக் கிளப்பும்போது 'ரீப்ளேஸ் அட்ரஸ் ஃபர்ஸ்ட் பூட்' என்ற ஜேவிஎம் (கசாண்ட்ரா ஓடும் ஜாவா சூழல்) அமைப்பில் செத்த நோடின் முகவரியைக் கொடுத்தால், செத்தவரின் டோக்கன்களையே (வளையத்தில் அதன் இடங்கள்) எடுத்துக்கொண்டு, அந்தப் பங்கை மட்டும் மற்ற ரெப்ளிகாக்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும். வளையம் மாறாததால் மற்ற நோடுகளில் கிளீனப் தேவையில்லை.

செத்த நோடில் எழுத வேண்டியவற்றை மற்றவர்கள் குறிப்பு எழுதி எடுத்து வைத்திருக்கும் காலம் இயல்பாக 3 மணி நேரம்தான். அதற்கு மேல் கிடந்திருந்தால், மாற்றி முடித்ததும் ரிப்பேர் கட்டாயம்.

பல நாள் அணைந்து கிடந்த நோடை மறுபடி போட்டால் என்ன?

இது எங்களுக்கே நடந்தது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு நோடுகளில் ஒன்றின் மதர்போர்டு போய்விட்டது. மீதி மூன்றில் வேலை தடையில்லாமல் ஓடியதால் யாருக்கும் அவசரம் தோன்றவில்லை. ஸ்டேட்டஸில் டிஎன் (அணைந்திருக்கிறது) என்று ஒரு வரி நின்றுகொண்டே இருந்தது. பதினெட்டாவது நாள் போர்டு மாறி வந்தது. டிஸ்க் நன்றாக இருந்ததால் மாட்டி, அப்படியே கிளப்பினேன். யூஎன் ஆனது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஒரு கமிஷன் கடைக் கணக்குப்பிள்ளை போன் செய்தார். பின்னால் ஏலச் சத்தம் கேட்கிறது. "தம்பி, உசிலம்பட்டிக்காரருக்குப் போன மாசமே கணக்கைத் தீர்த்துட்டேன். இப்பப் பாத்தா பதினாலு கிலோ மல்லிக்குப் பாக்கின்னு மறுபடி நிக்குது. அவரும் எதுத்தாப்லதான் நிக்கிறாரு." "ஒரு பத்து நிமிஷம் கொடுங்கண்ணே" என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்தால், அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, தீர்த்து அழித்த பாக்கிகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன.

காரணம் இதுதான். கசாண்ட்ராவில் அழிப்பது என்றால் 'இது அழிந்தது' என்று ஒரு குறி எழுதுவது. டூம்ஸ்டோன் என்பார்கள். அந்தக் குறி இயல்பாக 8,64,000 நொடிகள், அதாவது 10 நாள், காப்பாற்றப்படும். அதற்குப் பிறகு வரும் கம்பாக்‌ஷனில் அழித்த தரவோடு குறியும் போய்விடும். அணைந்து கிடந்த நோடுக்கு அந்தப் பத்து நாளில் செய்தி எட்டவில்லை. பதினெட்டாம் நாள் அது வந்து 'என்னிடம் ஒரு பாக்கி இருக்கிறது' என்று சொன்னபோது, மறுத்துச் சொல்ல மற்றவர்களிடம் குறி இல்லை. அவர்களிடம் வெறும் வெற்றிடம்தான் இருந்தது. வெற்றிடத்துக்கும் வரிசைக்கும் நடுவில் கசாண்ட்ரா வரிசையைத்தான் நம்பும். படிக்கும்போதே அதை மற்ற ரெப்ளிகாக்களுக்கும் எழுதிவிடும்.

பணம் கொடுத்த வரவுப் பதிவுகள் தனி டேபிளில் இருந்ததால் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு மறுபடி அழித்தோம். இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கடைக்காரர்கள் பழைய கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வியாபாரம் செய்தார்கள். பூ கொண்டுவந்த விவசாயி முன்னால் ஒரு கடைக்காரர் சங்கடப்பட்டு நிற்பதற்கு என் கட்டளை காரணம் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே, 10 நாளுக்கு மேல் அணைந்திருந்த நோடை அப்படியே கிளப்பக் கூடாது. டிஸ்கைத் துடைத்து, செத்த நோடாகவே கருதி, அதே முகவரியை மேலே சொன்ன ரீப்ளேஸ் முறையில் கொடுத்துப் புதிதாகச் சேருங்கள். 10 நாளுக்குள் என்றால் கிளப்பிவிட்டு, அந்தக் கெடு முடிவதற்குள் ரிப்பேர் ஓட்டி முடித்துவிட வேண்டும்.

ரேக் பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்றே ஒன்று சேர்க்கலாமா?

மூன்று ரேக், ஒவ்வொன்றிலும் ஒரு நோடு, ரெப்ளிகா மூன்று என்றால் ரேக்குக்கு ஒரு முழுப் பிரதி. முதல் ரேக்கில் மட்டும் ஒரு நோடு கூட்டினால் அங்கே இருவரும் ஆளுக்குப் பாதி சுமப்பார்கள். மற்ற ரேக்குகளின் சுமை இம்மியும் குறையாது. மூன்று மூன்றாகச் சேருங்கள்.

வேறு தரவுத்தளங்களிலும் இதே முறைதானா?

'போகும் முன் ஒப்படை' என்பது எல்லா இடத்திலும் உண்டு, வரிசை மட்டும் மாறும். எட்சிடியில் செத்த உறுப்பினரை முதலில் நீக்கிவிட்டுத்தான் புதியதைச் சேர்க்க வேண்டும். மூன்றில் ஒன்று செத்த நிலையில் நான்காவதைச் சேர்த்தால், நாலு பேருக்குப் பெரும்பான்மை மூன்று. உயிரோடு இருப்பது இரண்டு. புதியது ஏதோ எழுத்துப்பிழையால் கிளம்பவில்லை என்றால் கிளஸ்டர் முடங்கும், சேர்த்ததைத் திரும்ப நீக்கவும் பெரும்பான்மை இருக்காது. நாலு பேர் இருப்பதால் தாங்கும் சக்தியும் கூடுவதில்லை. மூன்று பேரும் ஓர் இழப்பைத்தான் தாங்குவார்கள், நாலு பேரும் ஓர் இழப்பைத்தான். காக்ரோச் டிபி-இல் டீகமிஷன் என்ற அதே பெயரிலேயே கட்டளை உண்டு. மாங்கோ டிபி ரெப்ளிகா செட்டில் 50 உறுப்பினர் வரை வைக்கலாம், ஓட்டு ஏழு பேருக்குத்தான்.

ஒரு நோடு போனதும் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. தரவுக்கு மூன்று பிரதி இருக்கிறதே?

உங்கள் கீஸ்பேஸுக்கு இருக்கிறது. பயனர் பெயர், கடவுச்சொல் இருக்கும் 'சிஸ்டம் ஆத்' கீஸ்பேஸின் ரெப்ளிகா இயல்பாக 1. அதை முதல் நாளே 3 ஆக்கி, ரிப்பேர் ஓட்டிவிடுங்கள்.

எடுத்த மெஷினை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக, டிஸ்கைத் துடைத்த பிறகு. டீகமிஷன் ஆனாலும் தரவு அதன் டிஸ்கில் அப்படியே இருக்கும். டீகமிஷன் ஆன நோடு தன் நிலையைக் குறித்து வைத்திருப்பதால் திரும்பக் கிளப்பினாலும் வளையத்தில் சேர மறுக்கும். ஆனால் அணைந்திருந்தபோது ரிமூவ்நோட் செய்யப்பட்ட மெஷினுக்குத் தான் நீக்கப்பட்டதே தெரியாது. யாராவது பிளக்கைச் சொருகினால் பழைய டோக்கன்களோடும் பழைய தரவோடும் உள்ளே வரப் பார்க்கும். எங்கள் சர்வர் அறையில் எடுத்த மெஷினின் பவர் ஒயரைக் கழற்றி, எடுத்த தேதியை எழுதிய தாளை முன்பக்கம் ஒட்டி வைக்கிறோம். டிஸ்க் துடைத்தவர்தான் அந்தத் தாளைக் கிழிக்கலாம்.